பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்: ஒரு பொதுப் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி அனுப்பிய அனைவருக்கும் வணக்கம். சென்னையில் பி.டி.எஸ். முடித்து, அமெரிக்கா வந்து மறுபடியும் கல்லூரிப் படியேறி, இருபத்திரண்டு ஆண்டுகளாக இல்லினாயில் பொதுப் பல் மருத்துவராக இருக்கிறேன். பொதுப் பல் மருத்துவ அகாடமி (ஏ.ஜி.டி.) தரும் ஃபெல்லோஷிப்பான எஃப்.ஏ.ஜி.டி.யை முதலிலும், மாஸ்டர்ஷிப்பான எம்.ஏ.ஜி.டி.யைப் பிறகும் வாங்கினேன். இன்று இவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம். வலி, வீக்கம், காப்பீட்டுச் சண்டை எதுவும் இங்கே வேண்டாம்.

எங்கள் பல் மருத்துவரின் பெயர்ப்பலகையில் டி.டி.எஸ்., எஃப்.ஏ.ஜி.டி. என்று இருக்கிறது. அவர் ஸ்பெஷலிஸ்ட் என்று என் கணவர் சொல்கிறார். சரியா? (நியூ ஜெர்சி வாசகி)

இல்லை அம்மா. அவர் பொதுப் பல் மருத்துவர். டி.டி.எஸ். என்பது இங்குள்ள அடிப்படைப் பல் மருத்துவப் பட்டம். அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கு இப்போது பன்னிரண்டு சிறப்புத் துறைகள் அங்கீகாரம் பெற்றிருக்கின்றன. பொதுப் பல் மருத்துவம் அவற்றில் ஒன்றல்ல. எஃப்.ஏ.ஜி.டி. என்பது பொதுப் பல் மருத்துவர்களுக்காக 1952இல் தொடங்கப்பட்ட அகாடமி தரும் ஃபெல்லோஷிப். பட்டமும் அல்ல, உரிமமும் அல்ல. அதற்காகப் பட்டபாட்டைக் குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக உறுப்பினராக இருக்க வேண்டும். 500 மணி நேரம் தொடர்கல்வி முடிக்க வேண்டும், அதில் 350 மணி நேரமாவது வகுப்பில் உட்கார்ந்து கேட்டதாக இருக்க வேண்டும். பிறகு எல்லாத் துறைகளிலிருந்தும் கேள்வி கேட்கும் ஒரு தேர்வு உண்டு. கல்லூரியை விட்டுப் பதினைந்து வருடம் கழித்து அதை எழுத உட்கார்ந்தபோது, பல் திசுவியலில் பாதி மறந்துபோயிருந்தது எனக்கு.

உங்கள் மருத்துவர் யாரும் கட்டாயப்படுத்தாமல் படித்தவர். அந்த எழுத்துகள் சொல்வது அவ்வளவுதான். அவர் கைத்திறனைப் பற்றி அவை எதுவும் சொல்லாது.

டி.டி.எஸ்., டி.எம்.டி. இரண்டில் எது உயர்ந்தது?

இரண்டும் ஒரே பட்டம், ஒரே படிப்பு. 1840இல் தொடங்கிய பால்டிமோர் கல்லூரி, உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி, டி.டி.எஸ். தந்தது. 1867இல் ஹார்வர்டு தன் பல் மருத்துவப் பள்ளியைத் திறந்தபோது பட்டத்தின் பெயர் லத்தீனில் இருக்கட்டும் என்று டி.எம்.டி. வைத்துக்கொண்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் லத்தீன் ஆசைக்கு நூற்றைம்பது ஆண்டுகளாக நாங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் பி.டி.எஸ். ஏ.ஜி.டி. ஃபெல்லோஷிப் வாங்கினால் அமெரிக்காவில் கிளினிக் வைக்கலாமா?

முடியாது தம்பி. உரிமம் தருவது மாநில வாரியம். வெளிநாட்டுப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வை எழுதி, இங்குள்ள கல்லூரியில் இரண்டு மூன்று ஆண்டுகள் படித்து டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. வாங்கித்தான் உள்ளே வருகிறார்கள். அது தனிக்கதை. கல்லூரிகளின் சேர்க்கைப் பக்கங்களைப் பாருங்கள்.

டெக்சாஸில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. 500 மணி நேரத்தை எங்கிருந்து தொடங்குவது, அக்கா? உரிமத்துக்கான வகுப்புகளே போதாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவில் உரிமம் புதுப்பிக்க இரண்டு ஆண்டுக்கு 50 மணி நேரம். அந்த வேகத்தில் போனால் 500 ஆக இருபது ஆண்டு பிடிக்கும். என் மாநிலத்தில் மூன்று ஆண்டுக்கு 48. அதை மட்டும் செய்திருந்தால் முப்பத்தோராம் ஆண்டில்கூட நான் முடித்திருக்க மாட்டேன். உரிமத்துக்கான மணி நேரம் கடையைத் திறந்து வைத்திருப்பதற்கு மட்டுமே போதும்.

முதலில் ஏதாவது ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு, நீளமான, தொடர் வகுப்பாகப் படியுங்கள். நான் வேர் சிகிச்சையில் தொடங்கினேன். காரணம் ஆர்வம் அல்ல, பயம். கீழ்க் கடைவாய்ப்பல்லில் நான்காவது கால்வாயைத் தேடி வியர்த்த நாட்கள் அவை. ஒரு மாலை உணவோடு இரண்டு மணி நேரம், விற்பனையாளர் பேச்சு ஒன்று, கையில் ஒரு பை என்று சேர்க்கும் மணி நேரங்கள் கணக்கில் ஏறும், தலையில் ஏறாது.

ஓர் எச்சரிக்கை. பணம் கட்டுவதற்கு முன், வகுப்பை நடத்துபவருக்கு அகாடமியின் 'பேஸ்' அங்கீகாரமோ அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க வழி வரும் 'செர்ப்' அங்கீகாரமோ இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு முடிந்ததும் சான்றிதழ் கையில் வராமல் அரங்கத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஒரு முறை அறுவை சிகிச்சைத் தொடர் ஒன்றில் 40 மணி நேரம் படித்தேன். "நாங்களே அனுப்பிவிடுவோம்" என்றார்கள். அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே இல்லை. அந்த 40 மணி நேரம் இன்றுவரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

எம்.ஏ.ஜி.டி. என்பது இதற்கு அடுத்த படிதானே? இன்னும் கொஞ்சம் மணி நேரம், அவ்வளவுதானே?

"அவ்வளவுதானே" என்று கேட்டவர் இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது. மொத்தம் 1,100 மணி நேரம் வேண்டும். அதில் 400 மணி நேரம் செய்முறையாக இருக்க வேண்டும். பதினாறு துறைகளிலும் குறைந்தபட்ச அளவு உண்டு. செய்முறை என்றால் பன்றித் தாடையில் ஈறு அறுத்துத் தையல் போடுவது, பிடுங்கிய பல்லைக் கொண்டுபோய் வேர் சிகிச்சை செய்வது, சில வகுப்புகளில் சொந்த நோயாளிக்கு ஆசிரியர் கண் முன்னால் சிகிச்சை செய்து அதைப் படமெடுத்து வந்து எல்லோரிடமும் திட்டு வாங்குவது.

எனக்குப் பிடித்த துறைகளில் மணி நேரம் எப்போதோ நிரம்பிவிட்டது. குழந்தைகள் பல் மருத்துவமும் பல் சீரமைப்பும் காலியாகவே கிடந்தன. வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். ஏழு வயதுப் பையனின் எக்ஸ்ரேயில் மேல் கோரைப்பல் தவறான பக்கம் சாய்ந்து வருவதைக் கண்டுபிடித்து அனுப்பி வைத்தது அந்த வெறுப்பு வகுப்பின் பயன். அதற்கு முன் எத்தனை பையன்களைக் கவனிக்காமல் விட்டேனோ.

கடைசியில் சொன்னதைப் படித்தேன். நான் எம்.டி.எஸ்., பல் சீரமைப்பு. மூன்று ஆண்டு முழுநேரம் படித்தவன். வார இறுதி வகுப்பு போய்விட்டு வந்து பற்களை நகர்த்துகிறார்கள், இம்பிளான்ட் வைக்கிறார்கள். கெட்டுப்போனதைச் சரி செய்ய எங்களிடம் வருகிறார்கள். இந்த எழுத்துகள்தான் அவர்களுக்குத் துணிச்சல் தருகின்றன.

டாக்டர், உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதியை ஏற்க மாட்டேன். வார இறுதியில் கற்று திங்கட்கிழமை நோயாளியின் எலும்பில் துளையிடுபவர்களை நானும் பார்த்திருக்கிறேன். 1,100 மணி நேரம் உட்கார்ந்தவர் அவர் அல்ல. பதினாறு துறையையும் தொட்டவருக்குத் தனக்கு எது தெரியாது என்பதாவது தெரியும்.

மணி நேரக் கணக்கு கல்வி ஆகாது. என் மூன்று ஆண்டில் ஒவ்வொரு நோயாளியையும் ஆசிரியர் பார்த்தார். உங்கள் 1,100இல் எத்தனையைப் பார்த்தார்கள்?

நியாயமான கேள்வி. 1,100இல் பாதிக்கு மேல் இருட்டு அரங்கத்தில் படம் பார்த்தது. ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் செய்முறை 400 இல்லாமல் எம்.ஏ.ஜி.டி. கிடையாது. அந்த 400ம் உங்கள் மூன்று ஆண்டுக்கு ஈடல்ல. ஈடு என்று நான் சொல்லவே இல்லை. அகாடமியும் சொல்லவில்லை.

(ஹூஸ்டன் வாசகர்) குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டெக்சாஸில் நீதிமன்றமே யார் வேண்டுமானாலும் ஸ்பெஷலிஸ்ட் என்று போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டதே?

அப்படிச் சொல்லவில்லை ஐயா. இந்தத் தவறான செய்தி ஊரெல்லாம் சுற்றுகிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அங்கீகரித்த துறைகளைத் தவிர வேறெதிலும் ஸ்பெஷலிஸ்ட் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று டெக்சாஸில் ஒரு விதி இருந்தது. இம்பிளான்ட், மயக்க மருந்து, வாய் மருத்துவம், முக வலி ஆகிய நான்கின் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2017இல் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு தனியார் சங்கத்தின் பட்டியலை மட்டும் வைத்து உண்மையான விளம்பரத்தைத் தடுக்க முடியாது என்பதே சாரம். பொய் விளம்பரத்துக்கு அது அனுமதி தரவில்லை. அந்த நான்கில் மயக்க மருந்து 2019இலும், வாய் மருத்துவம், முக வலி இரண்டும் 2020இலும் சிறப்புத் துறைகளாகிவிட்டன. இம்பிளான்ட் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறது.

எம்.டி.எஸ். டாக்டருக்கு இன்னொன்று. நான் ஆண்டு முழுவதும் பல் சீரமைப்பு நிபுணர்களுக்கு நோயாளிகளை அனுப்புகிறேன். அனுப்பக் கற்றுக்கொடுத்தது அந்த வார இறுதி வகுப்புகள்தான். நீங்கள் திட்டுபவர்களை நானும் திட்டுகிறேன். அவர்களில் எழுத்து வாங்கியவர் குறைவு, வாங்கப் பொறுமை இல்லாதவர் அதிகம். இதற்கு மேல் இந்தச் சண்டை வேண்டாம், வரிசையில் பலர் காத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் என் தங்கை பல் மருத்துவர். அங்கே எப்படி?

பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஜி.டி.சி.யின் பதிவில் இருக்க ஐந்து ஆண்டுக்கு 100 மணி நேரம் சரிபார்க்கத்தக்க தொடர்கல்வி வேண்டும். அடுத்தடுத்த எந்த இரண்டு ஆண்டிலும் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பொதுப் பல் மருத்துவர்களுக்கென்றே 2021இல் ஒரு கல்லூரி தொடங்கியிருக்கிறார்கள். உறுப்பினர் நிலை, ஃபெல்லோ நிலை இரண்டும் அங்கே உண்டு. தங்கைக்கும் அதே எச்சரிக்கை: சான்றிதழ் கையில்.

டி.எம்.டி. படித்தவர் டி.டி.எஸ். படித்தவரைவிட...

பதில் மேலே இருக்கிறது.

அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் வலி, என்ன மாத்திரை கொடுக்கலாம்?

மாத்திரையைத் தேடாதீர்கள். நாளைக் காலை பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முகம் வீங்கினாலோ விழுங்கச் சிரமமானாலோ இரவே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஃபெல்லோஷிப்புக்கு எவ்வளவு செலவாகும்?

உறுப்பினர் சந்தா, தேர்வுக் கட்டணம் அகாடமியிடமே கேளுங்கள். பெரிய செலவு வகுப்புகளும் கிளினிக்கை மூடிவிட்டுப் போகும் நாட்களும்தான்.

எம்.ஏ.ஜி.டி.க்கு மேல் ஒன்றும் இல்லையா?

வாழ்நாள் கற்றல் மற்றும் சேவை அங்கீகாரம் என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 1,600 மணி நேரம் கல்வி, அதில் 500 எம்.ஏ.ஜி.டி.க்குப் பிறகு. கூடவே 100 மணி நேரம் பல் மருத்துவச் சேவை. கல்வி மணி நேரத்தை முடித்துவிட்டேன். சேவையில் தொண்ணூற்று மூன்றில் நிற்கிறேன், அடுத்த மாத முகாமில் ஏழும் முடியும். பல் பிடுங்குவதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. முகாமில் கையெழுத்துப் போடும் பொறுப்பாளரை இந்த முறை காலையிலேயே பிடித்துவிடுவேன்.

வீட்டில் சமைத்துக்கொண்டே பதிவு செய்த பாடங்களை ஓடவிட்டு 500 சேர்க்கலாமா?

முதல் பதிலில் 350 என்று எழுதியிருக்கிறேன். மிச்சம் 150. அதற்குமேல் எவ்வளவு ஓடவிட்டாலும் சாம்பார்தான் கொதிக்கும்.