ஐந்து மாதக் கர்ப்பம்: சொத்தைப் பல்லை இப்போது அடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் கருப்பாகக் குழி விழுந்திருக்கிறது. தானாக வலிப்பதில்லை. இனிப்பு சாப்பிட்டாலோ குளிர்ந்த தண்ணீர் பட்டாலோ சுரீரென்று கூசும். சில நொடிகளில் அடங்கிவிடும். உடனே அடைத்துவிடலாம் என்கிறார் பல் மருத்துவர். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாயில் ஊசி போடக் கூடாது, பிரசவம் முடிந்ததும் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் என் மாமியார். நான் என்ன செய்வது?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: இப்போதே அடைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சைக்கு மிகவும் தோதான நேரம் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரைதான். மசக்கை ஓய்ந்திருக்கும். வயிறு பெரிதாகாததால் பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து படுக்கவும் சிரமம் இருக்காது. நீங்கள் சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

மாமியாரின் பயம் பிள்ளையின் மீதுள்ள அக்கறையில் வருவது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்: பல்லுக்குப் போடும் ஊசி மயக்க ஊசி அல்ல. லிக்னோகெய்ன் என்ற மருந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறது. கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகப் போடப்பட்டு வரும் மருந்து அது. பல் சிகிச்சைக்குத் தேவைப்படும் சிறிய அளவில் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. ஊசிக்குப் பயந்து சொத்தையை அப்படியே விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. எட்டாம் மாதத்தில் சீழ் பிடித்து, கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, கூச்சம் சில நொடிகளில் அடங்கிவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். சொத்தை மேலேயுள்ள கடினமான எனாமலைத் தாண்டி அடுத்த அடுக்கான டென்டினைத் தொட்டுவிட்டது. நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் உள்சதையை இன்னும் எட்டவில்லை என்றுதான் இதை வைத்து நினைக்கிறேன். இந்தக் கட்டத்தில் அடைத்தாலே போதும். சூடான காபி குடித்தபின் வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, நடுஇரவில் வலி எழுப்பிவிட்டாலோ அடைப்பதால் பயன் இல்லை. பல்லின் உள்சதையை அகற்றி வேர்க்குழாயை அடைக்கும் ரூட் கேனால் செய்ய வேண்டிவரும். அதற்குப் பலமுறை போக வேண்டியிருக்கும், செலவும் பல மடங்கு. டென்டின் எனாமலைவிட மென்மையானது என்பதால் சொத்தை அங்கே வேகமாகப் பரவும். வெளியே கடுகளவு தெரியும் குழி உள்ளே அகலமாக இருப்பது வழக்கம்.

குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால்தான் பல் கெடுகிறது என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மையில்லை. வாந்தியில் வரும் அமிலமும், பசிக்கு அடிக்கடி கொறிப்பதும், குமட்டலுக்குப் பயந்து பல்லைச் சரியாகத் துலக்காமல் விடுவதும்தான் காரணங்கள். வாந்தி எடுத்தவுடன் பிரஷ் செய்யாதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள்; சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தாய் சேய் நல அட்டையையும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் விவரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாற்காலியில் மல்லாந்து படுக்காமல், வலது இடுப்புக்குக் கீழே சிறிய தலையணை வைத்து, உடலை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம். எக்ஸ்ரே அவசியம் என்று மருத்துவர் நினைத்தால் மறுக்க வேண்டாம். பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு, அதுவும் வயிற்றை நோக்கிப் பாய்வதில்லை.

ஊசி போடும் முன் ஈறில் ஒரு ஜெல்லைத் தடவுவார்கள். குத்துவது அவ்வளவாகத் தெரியாது. சில நிமிடங்களில் கீழுதட்டின் பாதி கனத்துப்போனதுபோல் இருக்கும். பிறகு தண்ணீர் பீய்ச்சியபடி சுழலும் கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுப்பார்கள். சத்தமும் அதிர்வும் இருக்கும், வலி இருக்காது. வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்துவார்கள். குழி சுத்தமானதும் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் ஒரு ஜெல்லைப் பூசிக் கழுவி, பசையைத் தடவி, பல்லின் நிறத்திலுள்ள காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்குவார்கள். கடைசியில் மெல்லிய வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி எங்கே மேடாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்த இடத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். மயிரிழை மேடாக இருந்தாலும் மெல்லும்போதெல்லாம் அந்தப் பல் அடிவாங்கும். வாய் மரத்திருக்கும்போது சரியாகத் தெரியாது என்பதால், மறுநாள் உறுத்தினால் திரும்பப் போய்த் தேய்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வெள்ளி அடைப்பு எனப்படும் அமால்கம் உங்களுக்கு வேண்டாம். அதில் ஏறத்தாழ பாதி பாதரசம். கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. காம்போசிட் வைக்க முடியாத இடமென்றால் கிளாஸ் அயனோமர் போடலாம். அதன் உறுதி சற்றுக் குறைவு, ஆனால் ஃபுளோரைடு கசியவிடும் நல்ல பொருள்.

பிடுங்கிவிடலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். காப்பாற்றக்கூடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாயும், எதிர்ப்பல் நீளும், மெல்லுவது முழுவதும் மறுபக்கத்துக்குப் போய்விடும். பிறகு செயற்கைப் பல் கட்டும் செலவில் இப்படிப் பல பற்களை அடைத்துவிடலாம். செலவுதான் கவலை என்றால் பல் மருத்துவப் பிரிவு இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அதுவரை எதையும் மெல்லாதீர்கள்; உதட்டையும் கன்னத்தையும் தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் நிறைய. சில நாட்கள் குளிர்ச்சிக்குக் கூசலாம், தானாகக் குறையும். வலி இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் போன்றவற்றை வாங்கிப் போடாதீர்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துத் திணிப்பதும் வேண்டாம், ஈறு வெந்துபோகும்.

அடைப்பதற்கு முன்போ பின்போ கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.