விற்றவரே சோதகர்

கேள்வி: நார்வேயின் யென்ஸ் கிறிஸ்டியன் ஹௌகே வக்கீல், அமைச்சர், அரசு எண்ணெய் நிறுவனத் தலைவர் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தவர். ஹிட்லரின் கனநீர் (அணு உலையில் பயன்படும் ஒரு வகைத் தண்ணீர்) ஆலையைத் தகர்த்த வீரர் என்று வேறு புகழ்கிறார்கள். பதவியை வைத்துக் காசு பார்த்தவர்தானே?

பதில்: முதலில் வீரத்தைச் சரிசெய்வோம். 1943 பிப்ரவரியில், ஜெர்மானியர் பிடியில் இருந்த நார்வேயின் வெமோர்க் ஆலைக்குள் புகுந்து, கனநீர் தயாரித்த 18 மின்பகுப்புக் கலங்களை வெடிவைத்துத் தகர்த்தவர்கள் பிரிட்டன் பயிற்சி கொடுத்து அனுப்பிய நார்வேக்காரர்கள். ஹௌகே அதில் இல்லை. அவர் நடத்தியது ‘மில்லோர்க்’ என்ற தலைமறைவுப் படை. 1945 மே மாதம் ஜெர்மானியர் சரணடைந்தபோது அதில் சுமார் 40,000 பேர் இருந்தார்கள். துப்பாக்கிச் சத்தமில்லாமல் நாட்டைக் கைமாற்றிக்கொள்ள உதவியது இந்தப் படை. அதே ஆண்டு நவம்பரில் ஹௌகே பாதுகாப்பு அமைச்சர். வயது 30!

காசு பார்த்தார் என்கிறீர்கள், ஆதாரம் தரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: விற்றவரே சோதகர் ஆகலாமா?

1952-ல் அமைச்சர் பதவியை விட்டு வக்கீல் தொழிலுக்குப் போனார். 1955-ல் சில மாதம் நீதி அமைச்சர். அதன் பிறகு அரசுக்கு எங்கே நம்பகமான ஆள் தேவையோ அங்கெல்லாம் அவர்தான். 1972-ல் ஸ்டாட்டாயில் என்ற அரசு எண்ணெய் நிறுவனம் பிறந்தபோது முதல் தலைவர் ஆனார். அரசுத் துறையாக இல்லாமல், பங்கு முழுக்க அரசிடம் உள்ள கம்பெனியாக அதை அமைத்தார்கள். எண்ணெய் வயல் உரிமங்களில் அதற்குக் குறைந்தது 50 சதவீதம். தேடும் செலவு மட்டும் கூட்டாளிக் கம்பெனிகள் தலையில். எண்ணெய் கிடைக்காவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு. கெட்டிக்கார ஏற்பாடு, ஆனால் பணம் குவியக் குவிய கம்பெனியே இன்னொரு அரசாங்கம் ஆகிவிடும் என்ற பயமும் கூடவே வந்தது. 1985-ல் அதன் உரிமப் பங்கில் பெரும்பகுதியைப் பிரித்து அரசு நேரடியாகவே வைத்துக்கொண்டது.

இந்த எண்ணெய் ஏற்பாடு பாராட்டுக்கு உரியது. உறுத்துவது கனநீர்தான், வேறொரு கனநீர். 1959-ல் நார்வே இஸ்ரேலுக்கு 20 டன் விற்க ஒப்புக்கொண்டது. சாதாரணத் தண்ணீர் நியூட்ரான்களை விழுங்கிவிடும். கனநீர் விழுங்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும். அதனால் செறிவூட்டாத யுரேனியத்திலேயே அணு உலை ஓடும், அணுகுண்டுக்கு உதவும் புளூட்டோனியமும் கிடைக்கும். ஆகவே ‘அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று வாக்குறுதி வாங்கி, சோதனையிடும் உரிமையையும் எழுதி வைத்தார்கள்.

சோதிக்கப் போனவர் யார்? விற்பனை ஏற்பாட்டில் பங்கெடுத்த அதே ஹௌகே! 1961-ல் போனார். உலை ஓடத் தொடங்கியிருக்கவில்லை. சரக்கு பீப்பாய்களிலேயே இருந்தது. பார்த்துவிட்டு வந்தார். கனநீர் எரிந்து தீரும் பொருள் அல்ல, உலையில் பல்லாண்டுகள் கிடக்கும். திரும்பத் திரும்பப் போய் அளந்தால்தான் அது சோதனை. ஓடாத உலைக்குப் பக்கத்தில் பீப்பாயை எண்ணிவிட்டு வருவது கிட்டங்கிக் கணக்கு. பின்னாளில் விவகாரம் வெளியே வந்து நார்வே நெருக்கியபோது, 1990-ல் சுமார் பத்து டன்னைத் திருப்பி விற்க இஸ்ரேல் சம்மதித்தது. விற்றதில் அது பாதி.