பள்ளிக்கூடம் எதிரே கூல்டிரிங்க்ஸ் விற்கலாமா?

கேள்வி: அரசுப் பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வாங்குவதில் பாதி கூல்டிரிங்க்ஸும் மாம்பழ ஜூஸும்தான். "சர்க்கரையும் சாராயம் மாதிரிதான், சின்னப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாதென்று சட்டம் வரணும்" என்று ஓர் ஆசிரியர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. அவர் சொல்வது சரியா? நான் விற்பது தப்பா?

பதில்: முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் கடையைத் தொடுகிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் இன்னொரு விதியும் கொண்டுவந்தது. பள்ளி வாசலிலிருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள், கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. எதிரே கடை என்கிறீர்கள். அநேகமாக நீங்கள் அந்த எல்லைக்குள்தான் இருப்பீர்கள்.

அந்த ஆசிரியர் சொன்னது வெறும் பேச்சு அல்ல. 2012-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ராபர்ட் லஸ்டிக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் இதையே எழுதினார்கள்: மதுவைப் போல சர்க்கரைக்கும் வரி வேண்டும், வயது வரம்பு வேண்டும் என்று. நாம் போடும் சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பயன்படுத்திக்கொள்ளும். ஃபிரக்டோஸின் பெரும்பங்கு கல்லீரலுக்குத்தான் போகிறது, சாராயம் போவதைப் போலவே. மிஞ்சினால் அங்கே கொழுப்பாகிறது. ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் சர்க்கரையும் சாராயமும் ஒன்று என்பதை நான் ஏற்கவில்லை. டீயில் ஒரு ஸ்பூன் சீனி போட்டுக் குடித்துவிட்டு யாரும் வண்டியை மரத்தில் மோதுவதில்லை, வீட்டில் வந்து அடிப்பதில்லை. நாள்பட்ட குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். சீனியை நிறுத்தினால் அப்படி எதுவும் ஆகாது. மது புற்றுநோய் உண்டாக்கும் என்பதும் உறுதியாகிவிட்ட ஒன்று. அதனால் ரேஷனில் வாங்கும் சீனிக்கு வயது வரம்பு தேவையில்லை. பாட்டிலில் கரைத்துப் பிள்ளைகளுக்கு விற்கும் சர்க்கரைக்குக் கட்டுப்பாடு கட்டாயம் தேவை.

ஏன் பாட்டிலை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்? பள்ளி முகாம்களில் நான் செய்து காட்டுவது ஒன்று உண்டு. லேபிளில் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 250 மில்லி பாட்டிலில் 27 கிராமுக்கு மேல். காலி டம்ளரில் ஸ்பூன் ஸ்பூனாகச் சீனியைப் போடுவேன். மூன்றாவது ஸ்பூனிலேயே அம்மாக்கள் "போதும் டாக்டர்" என்பார்கள். ஐந்தரை ஸ்பூன் வரை போக வேண்டும். 1,600 கலோரி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு நாளுக்கு 40 கிராம், 20-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே பாட்டில் அந்த 20-ஐத் தாண்டிவிடுகிறது. அதுவும் குடித்தால் வயிறு நிறையாது. வீட்டுக்குப் போய் வழக்கம்போலச் சாப்பிடுவார்கள்.

கடைக்காரர் மட்டும் மாறினால் போதாது, வரியும் மாற வேண்டும். பிரிட்டனில் 2018 முதல் குளிர்பான வரி சர்க்கரை அளவைப் பொறுத்தது: 100 மில்லிக்கு 5 கிராமைத் தொட்டால் ஒரு வரி, 8-ஐத் தொட்டால் கூடுதல் வரி. வரிக்குப் பயந்து கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. மெக்சிகோவின் வஹாகா மாநிலம் 2020-ல் சிறுவர்களுக்கு இவற்றை விற்பதையே தடை செய்தது. இங்கேயோ கேஸ் அடைத்த பானத்துக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி., சர்க்கரை இல்லாத 'டயட்' வகைக்கும் அதே 40. கேஸ் இல்லாத மாம்பழ ஜூஸில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் 2025 செப்டம்பர் முதல் 5 சதவீதம்தான். எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. பிள்ளையின் கல்லீரலுக்கு கேஸா முக்கியம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கடை வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை அளந்து பாருங்கள். 50 மீட்டருக்குள் என்றால் பிள்ளைகளுக்கு விற்பதை நிறுத்திவிடுங்கள். தாண்டி இருந்தாலும், பாட்டில்களைக் கண் மட்டத்திலிருந்து எடுத்து உள்ளே தள்ளி வையுங்கள். மாம்பழ ஜூஸ் டப்பாவையும் சேர்த்துத்தான். 'பழம்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நன்னாரி சர்பத்தும் அதே கணக்குதான், நாட்டுச்சர்க்கரை போட்டாலும்கூட. கடலை மிட்டாயில் வெல்லம் உண்டு, ஆனால் மென்று தின்பது, கடலையும் இருக்கிறது, ஒன்றிரண்டு தரலாம்.

வருமானம் குறையுமே என்ற கவலை நியாயமானது. பிரிட்ஜின் முன் தட்டில் மோர் பாக்கெட் வையுங்கள். மூன்றரை மணிக்கு அவித்த கடலையும், உப்பு மிளகாய்த்தூள் தடவிய கொய்யாக் கீற்றும் தயாராக இருக்கட்டும். வெயிலில் ஓடி வரும் பிள்ளைக்கு முதல் தேவை தண்ணீர்தான். வாசலில் ஒரு பானையும் டம்ளரும் வைத்துவிடுங்கள்.