ஆயிரம் பேர் வந்தாங்க, ஒருத்தரும் ரூம் கேக்கல

இந்த மாசம் வந்த கேள்வியில முக்கால்வாசி ஒரே கேள்விதான், வெப்சைட் போட்டாச்சு ஆனா ஆளே வர்றதில்லைனு. அதனால போன் ஹேங் ஆகுது, பாஸ்வேர்ட் மறந்துருச்சு மாதிரி கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே வணக்கம். அப்புத்தளையில எங்க வீட்டு மேல்மாடியை ரெண்டு ரூமா ஆக்கி ஹோம்ஸ்டே நடத்துறோம். புக்கிங் சைட்டுகளுக்குக் கமிஷன் குடுத்து மாளலனு போன வருசம் சொந்தமா ஒரு வெப்சைட் போட்டோம். மாசம் 30, 40 பேருக்கு மேல எட்டிப் பார்க்கல. இப்ப வட்ஸ்அப்ல ஒரு மெசேஜ், 15,000 ரூபா கட்டினா மாசம் 10,000 பேரை சைட்டுக்கு வர வைக்கிறாங்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க தம்பி. அந்தக் காசுக்கு நல்ல கம்பளி வாங்கிப் போடுங்க, அப்புத்தளைக் குளிருக்கு வர்றவங்க அதைப் பத்தியாவது நாலு வரி நல்லா எழுதிட்டுப் போவாங்க.

நானும் ஒருக்கா இதுல மாட்டினவன்தான். என் மச்சானோட கெஸ்ட்ஹவுஸ் சைட்டுக்கு இதே மாதிரி ஒரு ஆளுக்குக் காசு கட்டினோம், அடுத்த நாளே கவுண்டர் குபுகுபுனு ஏறுது, ஒரு வாரத்துல ஆயிரம் தாண்டிருச்சு, மச்சான் சந்தோசத்துல பெட்ஷீட் எல்லாம் புதுசா வாங்கிட்டாரு. ஒருத்தரும் ரூம் கேக்கல. அப்புறம் சைட்டுக்கு யாரு எங்கிருந்து வந்தாங்கனு காட்டுற கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்து பார்த்தா வந்தது அத்தனையும் இலங்கைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காத ஏதோ ஒரே ஊர்ல இருந்து, வந்த வேகத்துல ஒரு செக்கன்ல வெளிய போயிருக்கு. மனுசங்களே இல்ல தம்பி, எல்லாம் புரோகிராம். தோட்டத்துல காலையில பேர் பதியுற பெரட்டுல பேரைக் குடுத்துட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாத கதைதான்.

இப்ப உங்க கணக்கைப் பாருங்க. ரெண்டு ரூம், மாசம் 60 ராத்திரி. வர்றவங்க ரெண்டு ராத்திரி தங்கினா 30 புக்கிங்லயே வீடு நிறைஞ்சிரும். 10,000 பேர் எதுக்கு? அந்த 30 பேரும் இந்த நேரம் எங்கயோ ஒரு ஊர்ல போனை வச்சுக்கிட்டு எதையோ தேடிக்கிட்டு இருக்காங்க, என்னத்தைத் தேடுறாங்கனு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை. உங்க வீட்டுப் பேரைத் தேட மாட்டாங்க, அது அவங்களுக்குத் தெரியாது. அப்புத்தளை ஹோம்ஸ்டேனு தேடுறவங்க இருக்காங்கதான், ஆனா அந்தப் பக்கம் பூரா பெரிய புக்கிங் சைட்டுகள் குந்திக்கிட்டு இருக்கு, அவங்களைத் தள்ளிட்டு நாம ஏற முடியாது.

ஆனா அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். லிப்டன் சீட் வியூபாயிண்டுக்கு எத்தனை மணிக்குப் போனா மலை தெரியும், எத்தனை மணிக்குப் போனா வெறும் மிஸ்ட்டைப் பார்த்துட்டு டீ குடிச்சிட்டு வரணும்னு உங்க வீட்டுச் சின்னப் புள்ளைக்கே தெரியும். அங்க போறதுக்கு டம்பேதன்ன பஸ் எங்க நிக்கும், டீ பேக்டரியில இருந்து தோட்டத்துக்குள்ளாற நடந்தே ஏறலாமா, வயசானவங்கன்னா ஆட்டோ மேல வரைக்கும் போகுமா, ஸ்டேசன்ல இருந்து உங்க வீட்டுக்குப் பெட்டியை இழுத்துக்கிட்டு நடக்க முடியுமா, ஐப்பசி கார்த்திகையில அப்புத்தளைக்கு வந்தா நனைவோமா, இதெல்லாம்தான் அவங்க தேடுற கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் எழுதுங்க, நீங்களே எடுத்த போட்டோவோட. வேற சைட்ல இருந்து காப்பி அடிச்சுப் போடாதீங்க, அந்த மாதிரி சரக்கில்லாத பக்கங்களைக் கீழ தள்ளுறதுக்குனே கூகுள் 2011லயே ஒரு மாற்றம் கொண்டு வந்தாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல, கொழும்பு, யாழ்ப்பாணத்துல இருந்து வர்ற குடும்பங்களுக்குத் தமிழ்ல தனிப் பக்கம், ரெண்டையும் ஒரே பக்கத்துல சாம்பாரா கலக்க வேணாம்.

இன்னொண்ணு, அடை மழையில மண் சரிஞ்சு ரயில் லைன் அடைபடுறப்ப எல்லாரும் பதுளை ட்ரெயின் ஓடுதா, எது வரைக்கும் ஓடுதுனுதான் தேடுவாங்க. அன்னைக்கு ஸ்டேசனுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து தேதி போட்டு நாலு வரி எழுதிப் பாருங்க. ட்ரெயின் திரும்ப ஓட ஆரம்பிச்சதும் மறக்காம அதை மாத்திருங்க, இல்லைன்னா திட்டுதான் விழும்.

சைட்டை விட முக்கியமா ஒண்ணு இருக்கு, அது கூகுள் மேப்ல உங்க வீடு. கூகுள் பிசினஸ் புரொஃபைல்னு பேர், சல்லிக்காசு கட்ட வேணாம். நீங்கதான் உரிமையாளர்னு உறுதிப்படுத்தச் சொல்லுவாங்க, இப்பெல்லாம் பெரும்பாலும் வீடியோ கேப்பாங்க, ரோட்டுல இருந்து போர்டைக் காட்டி அப்படியே உள்ள வரைக்கும் ஒரே வீடியோவா எடுத்து அனுப்பிருங்க. மேப்ல உங்க வீட்டைக் காட்டுற பின்னைச் சரியா வைங்க. நம்ம ஊர்ல பின் கொஞ்சம் தள்ளிருச்சுன்னா மேப் ஆளை நேரா தேயிலைக்குள்ள கொண்டு போய் விட்டுரும், ராத்திரி எட்டு மணிக்கு அட்டைக் கடியோட வந்து நிக்கிறவங்க என்ன ரிவியூ எழுதுவாங்கனு நான் சொல்லணுமா. ரிவியூ எழுதினா டிஸ்கவுண்ட்னு மட்டும் சொல்லிறாதீங்க, அது கூகுள் சட்டத்துக்கு விரோதம். கிளம்புறப்ப டீயைக் குடுத்துட்டு வாயால கேளுங்க, லிங்க்கை வட்ஸ்அப்ல அனுப்புங்க, போதும்.

உங்க சைட்டையும் திறந்து பார்த்தேன். சொன்னா வருத்தப்படாதீங்க, என் போன்ல அது திறக்குறதுக்குள்ள நான் ஒரு பிளேன்டி போட்டுக் குடிச்சிட்டேன். போன்ல எடுத்த போட்டோவை அப்படியே ஏத்தியிருக்கீங்க, ஒவ்வொண்ணும் 4, 5 எம்பி இருக்கு. அதைச் சின்னதாக்கி 200 கேபிக்குள்ள கொண்டாங்க, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மலையில ரெண்டு கோடு சிக்னல்ல தேடுறவங்க காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. முதல் பக்கத்துத் தலைப்பும் வெறும் ஹோம்னு இருக்கு, கூகுள்ல நீல எழுத்துல தெரியுறது அந்தத் தலைப்புதான், ஹோம்னு பார்த்து யாரு அமுக்குவா? ஊர்ப் பேரு, வீட்டுப் பேரு, சன்னலைத் திறந்தா என்ன தெரியும்னு எழுதுங்க.

அப்புறம் சர்ச் கன்சோல்னு கூகுளோட ஒரு கருவி, அதுவும் இலவசம், சைட்டை அதுல சேர்த்துருங்க. யாரு எந்த வார்த்தையைத் தேடுறப்ப உங்க பக்கம் கண்ணுல பட்டுச்சு, எத்தனை பேர் அமுக்கினாங்கனு காட்டும். 400 தடவை கண்ணுல பட்டு 2 பேர்தான் அமுக்கியிருந்தாங்கன்னா அந்தத் தலைப்பை மாத்தணும். பொறுமையும் வேணும், பலன் தெரிய 4 மாசத்துல இருந்து ஒரு வருசம் ஆகும்னு கூகுள் ஆளுங்களே சொல்லியிருக்காங்க. அது வரைக்கும் புக்கிங் சைட்டை விட்டுறாதீங்க, கமிஷன் வலிக்கும்தான், ஆனா அங்க உங்க வீட்டைப் பார்த்துட்டு பேரைக் கூகுள்ல போட்டுத் தேடுறவங்க நிறையப் பேர், அவங்க நேரா உங்க சைட்டுக்கு வர்ற மாதிரி எல்லா இடத்துலயும் ஒரே பேரை ஒரே ஸ்பெல்லிங்ல வைங்க.

கேள்வி: தலவாக்கலையில இருந்து ஆன்லைன்ல தேயிலை பேக்கட் விக்கிறேன். சைட்டுக்குள்ள 300 கீவேர்ட் போட்டிருக்கேன், இன்னும் எத்தனை போடணும்? 500 பேக்லிங்க் பேக்கேஜ் ஒண்ணு மலிவா இருக்கு, வாங்கட்டுமா?

பதில்: 300ம் வேஸ்ட். சைட்டோட கோடுக்குள்ள தேடுற வார்த்தைகளை அடுக்கி வைக்கிற அந்த மெட்டா கீவேர்ட் பெட்டியை ரேங்க் போடுறதுக்குப் பார்க்கிறதே இல்லைனு கூகுள் 2009லயே சொல்லியாச்சு, ஆனா நம்ம ஊர்ல வெப்சைட் செஞ்சு குடுக்கிறவங்க சிலர் இன்னமும் அதுக்குத் தனியாக் காசு வாங்குறாங்க. பேக்லிங்க்கும் அப்படித்தான். வேற சைட்ல இருந்து நம்ம சைட்டுக்குக் குடுக்குற லிங்க்தான் அது, ஒருத்தர் நம்மளைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நல்ல வார்த்தை சொல்ற மாதிரி, காசுக்கு 500 பேர்கிட்ட வாங்குனா அது பொய்ச் சாட்சி. 2012ல பெங்குயின்னு ஒரு அப்டேட் விட்டு இப்படி லிங்க் வாங்கின சைட்டுகளைத் தூக்கி அடிச்சாங்க, முதல் பக்கத்துல இருந்தவங்க எங்க போனாங்கனே தெரியல.

உங்ககிட்ட எழுதுறதுக்குச் சரக்கா இல்ல? தலவாக்கலைத் தேயிலை திம்புலங்கிற வட்டாரத்துத் தேயிலை, தை மாசி வறண்ட காத்துல வர்ற கொழுந்துக்குத்தான் நல்ல மணம், அதே ஊவா தேயிலைக்கு ஆடி ஆவணி. இதை வாங்குற ஆளுங்க முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தேயிலைத் தரத்துல பிஓபிக்கும் பிஓபிஎஃப்க்கும் என்ன வித்தியாசம், பால் டீக்கு எது, பிளேன்டிக்கு எது, தண்ணி எவ்வளவு கொதிக்கணும், பேக்கட்டைப் பிரிச்சா எத்தனை நாள் வைக்கலாம், இப்படி ஒவ்வொரு பக்கமும் ஒரு வாசல். மலைநாட்டுல 300 கிலோமீட்டருக்கு மேல போற பீக்கோ ட்ரெயில்ங்கிற நடைபாதையில நடக்குறவங்க நடந்த கதையை எழுதுவாங்க, உங்க பக்கம் வந்தா கூப்பிட்டு ஒரு டீ குடுங்க, அவங்க மனசாரப் போடுற ஒரு லிங்க் அந்த 500க்கு மேல.

பேஸ்புக்ல பூஸ்ட் பண்றேன், லைக் வருது, சேல் இல்லைனும் கடைசியில எழுதியிருந்தீங்க. லைக்குக்குக் காசு கட்டினா லைக்தான் வரும். விளம்பரம் போடுறப்ப நோக்கம் என்னனு கேக்கும் பாருங்க, அதுல சைட்டுக்கு வர்றவங்கனு எடுங்க, ஊரையும் சுருக்குங்க, டெலிவரி பண்ண முடியாத நாட்டுக்கு எதுக்கு விளம்பரம்? முதல்ல சின்னக் காசுல ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. ஒரு தடவை வாங்கினவங்க நம்பரையும் ஈமெயிலையும் அவங்ககிட்டக் கேட்டே வாங்கி வச்சுக்கிட்டு புதுக் கொழுந்து வந்ததும் ஒரு வரி அனுப்புனீங்கன்னா அதுதான் இருக்குறதுலயே மலிவான விளம்பரம். ஆ, மறந்துட்டேன், பேக்கட் போட்டோவுல சிலோன் டீயோட அந்த சிங்க இலச்சினையைத் தேயிலைச் சபை அனுமதி இல்லாம போட்டுறாதீங்க.

கேள்வி: பண்டாரவளையில வீட்டுல இருந்தே பர்த்டே கேக் செஞ்சு குடுக்கிறேன் அண்ணா. வெப்சைட் போட 60,000 கேக்குறாங்க. போடலாமா?

பதில்: வேணாம் தங்கச்சி. உங்க கேக் பதுளை தாண்டி ஆட்டோவுல போய்ச் சேருறதுக்குள்ள க்ரீம் ஒரு பக்கம் சாஞ்சிரும், உங்க ஆளுங்க எல்லாம் உள்ளூர்தான். வட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக் போடுங்க, விலையோட. மேப்ல பேரைப் பதிங்க. 60,000க்கு ஒரு நல்ல அவன் பாருங்க.

கேள்வி: நான் அட்டனில் புலமைப்பரிசில் வகுப்பு எடுக்கும் ஆசிரியை. 5 வருடமாக நானே தயாரித்த பயிற்சித் தாள்களை இலவசமாக என் சைட்டில் போட்டு வருகிறேன். தமிழில் தேடினால் ஒன்றுகூட கூகுளில் வருவதில்லை. என்ன காரணம்?

பதில்: டீச்சர், உங்க தாள் ரெண்டை இறக்கிப் பார்த்தேன், எல்லாம் பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்சிருக்கு. வியாதி அங்கதான். பாமினியில அம்மானு நம்ம கண்ணுக்குத் தெரியுறதை கம்ப்யூட்டர் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னு இங்கிலீஷ் எழுத்தாத்தான் வச்சிருக்கு, மேல தமிழ்ச் சட்டை போட்டிருக்கு அவ்வளவுதான். அட்டன்ல ஒரு அம்மா போன்ல, இப்ப எல்லா போனும் பாவிக்கிற யூனிகோட் தமிழ்ல பயிற்சித் தாள்னு தேடினா உங்க பைலுக்குள்ள அந்த வார்த்தையே கிடையாது. 5 வருச உழைப்பு இப்படி மறைஞ்சு கிடக்குறதைப் பார்க்க எனக்கே மனசு கஷ்டமாப் போச்சு.

சரி பண்ணலாம். பாமினியை யூனிகோடாக மாத்துற கன்வெர்ட்டர் இணையத்துல இலவசமாவே நிறைய இருக்கு, ஒட்டி அமுக்கினா மாறிரும், மாறினதும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க, சில இடத்துல எழுத்து குழம்பும், கணக்குக் குறியீடும் இடம் மாறும். எல்லாத்தையும் ஒரே டிரைவ் லிங்க்குக்குள்ள கொட்டாம ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம், மேல என்ன இருக்குனு நாலு வரி, கீழ தாள். தாய்மாருல பாதிப் பேர் தமிழை இங்கிலீஷ் எழுத்துலதான் தேடுவாங்க, அதனால தலைப்புல தமிழும் பக்கத்துலயே இங்கிலீஷும் இருக்கட்டும். 5 வருசத்தையும் ஒரே மூச்சுல மாத்த உக்காராதீங்க, புள்ளைங்க பரீட்சைக்கு முன்னால எதை அதிகமாக் கேப்பாங்களோ அந்தத் தாள்ல இருந்து ஆரம்பிங்க.