பேட்மிண்டனில் வலையோரம் எட்டி எடுத்த பிறகு முழங்கால் வலிக்கிறது. ஷூவை மாற்றினால் சரியாகுமா?

ஷூ கொஞ்சம் உதவும். அதற்கு முன் உங்கள் பழைய ஷூவைத் திருப்பி வைத்துப் பாருங்கள். வலது கையால் ஆடுபவர் என்றால் இடது ஷூவில் பெருவிரலின் உட்பக்கம் தேய்ந்திருக்க வேண்டும். எனக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்த சமயத்தில் அந்த இடம் புத்தம் புதிதாக இருந்தது. வலது குதிகால் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது. ஓடி வந்த வேகம் அத்தனைக்கும் ஒரே காலால் பிரேக் போட்டிருக்கிறேன்.

லஞ்ச் போட்டு, அதாவது ஒரு காலை நீளமாக முன்னால் எட்டி வைத்து, வலது குதிகால் தரையில் மோதும் நொடியில், தரை திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். அடுத்து முழங்கால் மடங்குகிறது. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அந்த இழுப்பு சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் வழியாகத்தான் எலும்புக்குப் போகிறது. வலி அங்கே வருவது அதனால்தான்.

பின்கால் பாதத்தின் உள்விளிம்பைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தால் வேகத்தில் ஒரு பகுதி அங்கேயே குறைந்துவிடும். இடுப்பை மடக்கி இறங்கினால் பின்புறத் தசைகளும் பாரத்தில் பங்கெடுக்கும். முன்பாதம் போகிற திசையைப் பார்க்கட்டும், முழங்காலும் அதே திசையில் நிற்கட்டும். முழங்கால் உள்ளே சாய்வதுதான் எனக்குப் பெரிய கவலை. போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, களைத்த பிறகு என் முழங்கால் ஒவ்வொரு முறையும் உள்ளே விழுந்தது தெரிந்தது. ஆடும்போது அது தெரியவே இல்லை.

வலையோரத்தை விட எனக்குப் பயம் தருவது பேக்ஹேண்ட் பக்கப் பின்மூலை, அதாவது வலது கை ஆட்டக்காரருக்கு இடது பின்மூலை. தலைக்கு மேல் சுற்றி அடித்துவிட்டு, உடல் சாய்ந்த நிலையில் ராக்கெட் பிடிக்காத பக்கக் காலில் ஒற்றையாக இறங்குவோம். பேட்மிண்டனில் ஏசிஎல், அதாவது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார், அதிகமாகக் கிழிவது இப்படி இறங்கும்போதுதான். அங்கே காலை விறைப்பாக ஊன்றாமல், முழங்காலை மடக்கி இறங்கப் பழகுங்கள். அடிக்கும்போதே இடுப்பு திரும்பி வலது கால் முன்னால் வந்துவிட்டால், உடல் தானாகவே நடுவை நோக்கி நகரும்.

இதற்கெல்லாம் மூலம் தாமதம் என்றுதான் நான் நினைக்கிறேன். எதிராளி அடிக்கும் நொடியில் ஸ்ப்ளிட் ஸ்டெப், அதாவது கால்களை அகட்டி ஊன்றும் சின்னத் துள்ளல், போடத் தவறினால் கிளம்புவதே பிந்தும். அப்புறம் கடைசிக் காலடி அளவுக்கு மீறி நீளும், பாரம் முழுக்க முழங்காலில் வந்து விழும். ஷட்டில் இல்லாமல், வெறும் காலடி மட்டும் மெதுவாகப் பழகியதில்தான் என் வலி குறைந்தது.

ஷூ விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டத்துக்கான தடித்த அடி கொண்ட ஷூ வேண்டாம், பக்கவாட்டில் கணுக்கால் பிரளும். அடி தாழ்வான, உள்ளரங்க ஷூ வாங்குங்கள். முழங்கால் வீங்கினாலோ, நிற்கும்போது நழுவுவது போல இருந்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.