வேக்யூம் பிரேக்கரில் எல்லோரும் போத்தலைப் பார்க்கிறார்கள், நான் பற்றரியைப் பார்க்கிறேன்

கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான வேக்யூம் சர்க்கிட் பிரேக்கருக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன, கோளாறு வந்தால் அது எப்படிப் பாதுகாக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கை மலையகத்தில் ஓர் ஓயாவின் (சிற்றாற்றின்) கரையில் இருக்கும் சின்ன நீர்மின் நிலையத்தில் வேலை செய்கிறேன். 400 வோல்ட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தை 33 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி லைனுக்குக் கொடுக்கிறோம். நடுவில் நிற்பது இந்த பிரேக்கர்தான்.

முதலில் போத்தல். ஒரு ஃபேஸுக்கு ஒன்று என்று மூன்று. வெளியே வெள்ளைப் பீங்கான், உள்ளே காற்றே இல்லை. செம்பும் குரோமியமும் கலந்த இரண்டு கொன்டாக்ட், அதாவது ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் முனைகள். ஒன்று அசையாது, மற்றது அசையும். அசைகிற தண்டைச் சுற்றி மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெல்லோஸ், ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக. தண்டு போய் வந்தாலும் காற்று உள்ளே புகாதது அதனால்தான். கொன்டாக்ட் பிரியும்போது நடுவில் ஆர்க் என்னும் மின்தீப்பொறி வரத்தான் செய்யும். ஆனால் எரிவதற்குக் காற்று இல்லை. கொன்டாக்டிலிருந்து கிளம்பும் உலோக ஆவி மட்டுமே உண்டு. 50 ஹேர்ட்ஸ் கரண்ட் 10 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை பூச்சியத்தைத் தொடும். அந்தக் கணத்தில் ஆவி சுற்றியுள்ள உலோகக் கவசத்தில் படிந்துவிட, ஆர்க் அணைந்துவிடும். 11 கிலோவோல்ட் பிரேக்கரில் இதற்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் இடைவெளி போதும்.

அடுத்தது ஸ்பிரிங். எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான். சின்ன மோட்டர் ஒன்று மூடுகிற (குளோசிங்) ஸ்பிரிங்கை முறுக்கி வைக்கும். அது பிரேக்கரை மூடும்போதே, அதாவது கொன்டாக்டைச் சேர்க்கும்போதே, திறக்கிற ஸ்பிரிங்கையும் இழுத்து வைத்துவிடும். ஆக, மூடியிருக்கும் பிரேக்கர் எந்நேரமும் திறக்கத் தயார். கொக்கியை யாராவது தட்டிவிட்டால் போதும். தட்டுவது டிரிப் கொயில் என்ற சின்ன மின்காந்தம். அதற்குக் கரண்ட் கொடுப்பது பற்றரி.

அங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். ஒரு மழை இரவு. டிரான்ஸ்போமருக்குப் போகும் 33 கிலோவோல்ட் கேபிளின் முனையில் ஈரம் ஏறி, பட்டென்று ஒரு நீல வெளிச்சம். பிரேக்கர் அசையவில்லை. எங்களுக்கு மேலே லைனில் இருந்த பிரேக்கர் திறந்துதான் கோளாறு அடங்கியது. பக்கத்துத் தோட்டங்களின் லயங்களெல்லாம் இருட்டு. மறுநாள் பார்த்தால் போத்தல் மூன்றும் பழுதில்லை. பற்றரி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. சார்ஜர் ஓடும்வரை பெனலில் லைட்டெல்லாம் எரியும், மீற்றர் 110 வோல்ட் காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஷோர்ட் ஆனதும் நிலையத்து வோல்ட்டேஜே விழும், சார்ஜரும் கூடவே படுத்துவிடும். பற்றரி தேவைப்படுவதே அந்தக் கணத்தில்தான்.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை, ஓட்டத்தை நிறுத்தி, சார்ஜரை அணைத்துவிட்டு, பற்றரியை மட்டும் வைத்து டிரிப் அடித்து, பிரேக்கர் திறக்கிறதா என்று பார்க்கிறோம். பனிமூட்டம் விடாத இடம் என்பதால் பெனல் ஹீற்றரையும் தொட்டுப் பார்ப்போம். சூடு இல்லையென்றால் உள்ளே தண்ணீர் முத்து முத்தாகக் கோர்த்திருக்கும்.

மற்றப் பாதுகாப்புகள் பெரும்பாலும் மனிதனை மனிதனிடமிருந்து காப்பவை. பிரேக்கர் ஒரு சக்கர வண்டியில் நிற்கும்; அது மூடியிருக்கும்போது வண்டியை வெளியே இழுக்க இன்டர்லொக் என்ற பூட்டு விடாது. இழுத்தெடுத்தால் மின்சாரம் ஓடும் பஸ்பார் என்ற உலோகப் பட்டையை மறைத்துத் தகடு தானாக விழும். வண்டி வெளியே வராமல், லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் சுவிட்சைப் போட முடியாது. கோளாறு இருக்கும்போது குளோஸ் பட்டனை அமுக்கியபடியே நின்றால், பிரேக்கர் திறந்து மூடி, திறந்து மூடி அடித்துக்கொள்ளாமல் அன்டி பம்பிங் ரிலே தடுக்கும். இந்த இன்டர்லொக்கை ஸ்க்ரூட்ரைவரால் ஏமாற்றுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடன் வேலைக்குப் போகவேண்டாம் தம்பி.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வேக்யூம் போய்விட்டதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, கேஜ் கிடையாது. திறந்த கொன்டாக்டுக்குக் குறுக்கே உயர் வோல்ட்டேஜ் கொடுத்துத்தான் சோதிப்பார்கள். அப்போது எக்ஸ்ரே கிளம்பக்கூடும் என்பதால் தள்ளி நிற்க வேண்டும். வேக்யூம் போனது வெளியே தெரியாது என்பதாலேயே, பிரேக்கர் 'ஓப்பன்' என்று காட்டுகிறதே என்று கையை வைக்கக்கூடாது. வண்டியை இழுத்து, கரண்ட் இல்லை என்று சோதித்து, எர்த் போட்டு, இரண்டு ஸ்பிரிங்கையும் தளர்த்திவிட்ட பிறகுதான் நான் உள்ளே கை வைப்பேன்.