வழிச்செலவு யார் கணக்கில்?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் ஒரு கேபிள் ஆபரேட்டரிடம் மாதம் 14,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறேன். ஃபைபர் ஸ்பிளைசிங், அதாவது கண்ணாடியிழைக் கேபிள்களை ஒட்டி இணைக்கும் வேலை, நன்றாகத் தெரியும். ஒடிசாவில் கிராமங்களுக்கு இணையம் கொண்டுசெல்லும் அரசுத் திட்டமான பாரத்நெட் பணிக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய் தருவதாக ஒப்பந்ததாரர் ஒருவர் அழைக்கிறார். ஊர் ஊராகப் போகவேண்டும். தங்கலும் சாப்பாடும் என் பொறுப்பு. கட்டுப்படியாகுமா?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

1,500-ஐ முப்பதால் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். அழைக்கிறவர் நாட்கூலியில் பேசுவதே அதற்காகத்தான். சாலையைத் தோண்ட அனுமதி வரவில்லை, கேபிள் உருளை வந்து சேரவில்லை, மழை விடவில்லை என்று இந்த வேலையில் சும்மா கழியும் நாட்கள் பல, அந்த நாட்களிலும் பசிக்கும். மாதத்தில் 18 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் கூலி 27,000. சாப்பாட்டுக்கு நாளைக்கு 250 வீதம் 7,500, அறை வாடகையில் உங்கள் பங்கு 2,500, ஒரு சதவீத வரிப் பிடித்தம் 270 (இதைப் பின்னால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்) போக மிஞ்சுவது 16,730. ரயில் செலவை இன்னும் கழிக்கவில்லை. அதே மாதத்தில் 24 நாள் வேலை கிடைத்தால் 25,640 மிஞ்சும். அப்படியென்றால் தாராளமாகப் போகலாம். ஆக, உங்கள் கேள்வி முழுவதும் அந்த ஆறு நாட்களுக்குள் அடங்கியிருக்கிறது.

போன இடத்தில் நாட்கூலியை விட்டு, ஒட்டும் இணைப்பு (ஜாயின்ட்) ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்குக்கு மாற்றினால் இன்னும் கவனம் தேவை. கேபிளுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் ஓடிடிஆர் கருவிச் சோதனையில் ஒளியிழப்பு கூடுதலாகத் தெரிந்தால் பிரித்து மறுபடி ஒட்டவேண்டும். அதற்குத் தனிக்கூலி உண்டா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

வெளியூர்ச் சம்பளம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. செட்டியார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் நடத்த, போன காலத்தில் கடையை நடத்தும் மேலாளுக்கும் அவருக்கு உதவியான அடுத்தாளுக்கும் மூன்று ஆண்டுக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே வீட்டுக்குக் கிடைத்துவிடும். அங்கே கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் தங்கலும் சாப்பாடும் முதலாளியின் செலவில் நடக்கும். முதலாளிகளெல்லாம் இளகிய மனத்தினர் என்று சொல்லவரவில்லை. பசித்தவனைப் பணப்பெட்டி இருக்கும் பெட்டியடியில் உட்காரவைத்தால் யாருக்கு நட்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்களை அழைப்பவரோ அந்தச் செலவையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிட்டு, அதைச் சம்பளம் என்கிறார்.

வேலைக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தொகை 1,39,579 கோடி ரூபாய். அந்தப் பணம் பெரிய ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர், அவருக்கும் கீழே ஒருவர் என்று இறங்கி உங்களிடம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது அவருக்கு வேலையை விட்ட நிறுவனம், தரவேண்டும் என்ற விதி 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது; 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் உண்டு. ஆனால் யாரிடம், எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பதற்குக் கையில் ஒரு தாள் இல்லாமல் அதைக் கேட்பது கடினம்.

எனவே வேலையில்லாத நாளுக்குப் படி எவ்வளவு, அறை யார் செலவு, கூலி எந்தத் தேதியில் வரும் என்பதை எழுதிக் கேளுங்கள். அவர் தயங்கினால், இப்போதைய ஆபரேட்டரிடமே சம்பளத்தைக் கூட்டிக் கேட்டுப் பாருங்கள். ஸ்பிளைசிங் தெரிந்த இன்னோர் ஆளைத் தேவகோட்டையில் தேடிப்பிடிப்பது அவருக்கும் எளிதல்ல.